நரம்பு கட்டின ரம்பம்

என் மருமகன் வரதனைப் போல ஒரு வெங்காயத்தை எண்ணூர்க் குப்பம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு காண்ட்ராக்டரிடம் மரம் வெட்டுகிற வேலை. அவனுடைய இரண்டு கால்களை நம்பித்தான் என் மகள் செங்கொடி வீட்டில் உலை கொதிக்கிறது. அதில் ஒன்றைப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் ரம்பத்துக்குக் கொடுக்கப் பார்த்தான்.

வேலையில் அவனைப் பார்க்க வேண்டுமே! ஹெல்மெட், கண்ணாடி, கையுறை, சாக்கு மாதிரி தடித்த ஒரு பேன்ட். சேஃப்டி ஆபீசர் என்று ஒரு ஆள் தினமும் இவர்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுப்பான். போட்டோ போய்ச் சேர்ந்தால் போதும், அப்புறம் எவன் கை போனாலும் ஏசி ரூமை விட்டு வெளியே வரமாட்டான். அவனை நான் நம்பியதே இல்லை. வரதனோ அவனுக்காக மட்டும்தான் பேன்ட் போடுகிறான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

புயலில் எங்கள் வாசல் பூவரசு வலைக் கொட்டகை மேல் சாய்ந்துவிட்டது. வரதன் வேலையிடத்து ரம்பத்தைக் கேட்டு வாங்கி வந்தான். கூட வந்த பேன்ட்டைக் கொடியில் போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி ரப்பர் செருப்போடு நின்றான்.

"யோவ், பேன்ட்டு இன்னாத்துக்கு? காயப் போடவா?" என்றாள் செங்கொடி.

"கம்முனு கெட. நம்ம வூட்ல எவன் போட்டோ எடுக்கப் போறான்? உள்ள வெறும் நூல வச்சி தச்சிகீறான். வேவுது."

விசையிலிருந்து விரலை எடுத்தால் செயின் நின்றுவிடும். அந்த ரம்பத்துக்கு இருக்கிற ஒரே புத்தி அதுதான். இவன் ஸ்டார்ட் செய்ததும், விரல் நோகக் கூடாதென்று வலை பின்னுகிற நைலான் நரம்பை எடுத்து விசையை அமுக்கிக் கட்டினான். கடலில் நாங்கள் செய்வதுதான். வலை இழுக்க இரண்டு கையும் வேண்டுமென்று போட் இஞ்சின் விசையை இப்படிக் கட்டிவிடுவோம்.

"மாப்ளே, அது போட்டு இஞ்சினு இல்ல. கட்ட அவுத்துடு," என்று கத்தினேன்.

"சும்மாரு மாமா. தெனம் இதான் என் தொயிலு."

"தொயிலுல கட்டுவியா?"

"அங்க பாத்துகினு இருப்பாங்களே!"

காறித் துப்பத் தோன்றியது.

சாய்ந்த மரம் தன் பாரத்தாலேயே வெட்டு வாயை மூடி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. மரத்தில் ஒரு காலை ஊன்றி இழுத்தான். வெடுக்கென்று கழன்று கை நழுவியது. கட்டாத ரம்பம் அங்கேயே அடங்கியிருக்கும். இது முழு வேகத்தில் லுங்கியைக் கிழித்து, தொடையில் ஒரு கோடு போட்டு, கீழே கிடந்த என் வலைக் குவியலில் விழுந்தது. வலை சரசரவென்று செயினுக்குள் போய்ச் சுற்றியது. இஞ்சின் இருமி, திணறி, நின்றது.

வரதன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முந்தானையைக் கிழித்து அவன் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டே செங்கொடி கேட்டாள்.

"வெறும் நூலுன்னியே. நூலு இன்னா பண்ணுச்சி, பாத்தியா? பேன்ட்டுக்குள்ள கீற நூலும் இப்டி செயின சுத்தி நிறுத்தத்தான்."

தையல் பிரித்த பிறகுதான் மிச்ச மரத்தில் கை வைத்தான். நரம்பைச் செங்கொடியே அறுத்து எறிந்திருந்தாள். அந்தப் பேன்ட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு சொந்த வாசலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றான். தெருவே சிரித்தது. அப்போதும் போனை என்னிடம் நீட்டுகிறான்.

"மாமா, ஒரு போட்டோ எடேன். ஆபீசருக்கு அனுப்பறேன்."

"காலு கீதா? அத பாத்துகினு வெட்டு."