கூரைக் கண்ணாடியின் கைப்பிடி

அவர் கடைசியாகச் செய்த காரியம், பழைய காரின் கூரைக் கண்ணாடியை மூடியதுதான். சின்னக் கைப்பிடியை விரித்துச் சுற்றி மூடினார். பிறகு அதை மடக்கி, நுனி பின்சீட்டைப் பார்க்கும்படி வைத்தார். எப்போதும் அப்படித்தான்.

"மோட்டார் கிடையாது, ஒயர் கிடையாது. கெட்டுப்போக இதுல என்ன இருக்கு?" என்று மனைவியிடம் வழக்கம்போலப் பீற்றிக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் தினமும் சாயங்காலம் அந்தக் காரில் சற்று உட்கார்ந்துவிட்டு வருவாள். ஒரு நாள் மட்டும் மழையால் போகவில்லை. மறுநாள் காலையில் கொழுந்தன் வந்து நின்றான்.

"அண்ணி, சன்ரூஃப் ஒழுகுது. சீட்டெல்லாம் தொப்பலா இருக்கு. துருப்பிடிக்கிறதுக்குள்ள தள்ளிவிட்ருங்க. ஆள் இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன். நான் கதவைத் தொடவே இல்லை."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம். கதவைத் தொட்டாயா என்று யார் கேட்டார்கள்? மாற்றுச்சாவி இருப்பதும் இவனிடம்தான்.

போய்ப் பார்த்தாள். சீட் நனைந்திருந்தது வாஸ்தவம். ஆனால் கைப்பிடியின் நுனி முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழாயடியில் வாளியை நிரப்பினாள்.

"உள்ள உக்காரு தம்பி. எங்க ஒழுகுதுன்னு பாத்துச் சொல்லு."

"இப்பவா? வெள்ளைச் சட்டை அண்ணி!"

"நனைஞ்சா நான் துவைச்சுத் தரேன், காரையும் வித்துடலாம். நனையலைன்னா வண்டி இங்கதான் நிக்கும்."

ஈர சீட்டைத் தவிர்த்து, ஓரமாக ஒண்டிக்கொண்டான். வாளித் தண்ணீர் முழுவதையும் கூரைமேல் கவிழ்த்தாள். உள்ளே அவன் தேள் கொட்டிய திருடனைப்போல மேலே பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தான். இறங்கி வந்தபோது சட்டை காய்ந்தே இருந்தது.

"நான்தான் மழையில திறந்துவிட்டேன்" என்றான்.

"எவ்வளவு கமிஷன்?"

"ஐயோ, அதெல்லாம் இல்லை அண்ணி. தினமும் இதுக்குள்ள போய் உக்காந்துக்கிறீங்க. கூப்பிட்டாலும் காதுல விழமாட்டேங்குது. அண்ணன் மாதிரி நீங்களும்..." மேலே சொல்லாமல் மூக்கை உறிஞ்சினான்.

நிஜமாகவே அழுகிறானா? அவன் முகத்தையே பார்த்தாள். பாதிதான் நம்ப முடிந்தது.

"சாவியைக் குடு."

கொடுத்துவிட்டுப் போனான். அவள் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடிமேல் தண்ணீர் இன்னும் தேங்கி நின்றது. ஒரு சொட்டும் உள்ளே இறங்கவில்லை.