குளியலறை வாசலில் ஒரு கட்டை

வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் என்று பல்லை இளித்துக்கொண்டு வருபவனைக் கண்டாலே எனக்குப் பயம். கட்டட கான்ட்ராக்டர் தொழிலில் அவசரமாக முடிந்த வேலை பெரும்பாலும் இடித்துவிட்டு மறுபடி செய்யப்போகும் வேலைதான். அன்று அப்படி இளித்துக்கொண்டு வந்தவன் என் மச்சான், மனைவிக்கு ஒரே தம்பி. மற்றவனைத் திட்டினால் சைட்டோடு போய்விடும். இவனைத் திட்டினால் வீட்டில் சாப்பாட்டுத் தட்டு எனக்கு முன்னால் சத்தமாக வைக்கப்படும்.

"பாத்ரூம்ல டைல்ஸ் வரைக்கும் முடிச்சாச்சு மாமா. நீங்க சொன்ன நாளைக்கு முன்னாடியே" என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அந்தக் குளியலறை சீக்கிரம் முடிகிற சமாச்சாரம் இல்லை.

வீடு ஒரு வயதான லாரி டிரைவருடையது. காலமெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்த மனிதர், இப்போது கால்கள் இரண்டும் செயலற்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். மகள் வீட்டில் தங்கிக்கொண்டு, தன் வீட்டைத் தனக்குத் தோதாக மாற்றித்தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். சமையலறை எப்படி வேண்டும், சுவருக்கு என்ன நிறம் என்று எதைக் கேட்டாலும் உங்கள் இஷ்டம் என்றுவிட்டார். ஒன்றே ஒன்றுதான் அவராக வாய்விட்டுக் கேட்டார்.

"பாத்ரூம் போகணும்னா, கொஞ்சம் தள்ளும்மான்னு மகளைக் கூப்பிட வேண்டியிருக்கு தம்பி. அவ முகம் சுளிக்காமத்தான் வர்றா. எனக்குத்தான் கூசுது. யாரையும் கூப்பிடாம நானே போய்ட்டு நானே வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

மச்சானும் அன்று என் பக்கத்தில்தான் நின்றான். பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினான்.

எந்த வீட்டுக் குளியலறையிலும் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சின்னத் தடுப்புக் கட்டை கட்டுவார்கள். கொத்தனாரிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, கை தானாகக் கட்டிவிடும். கட்டை இல்லாமல் செய்ய வேண்டுமானால் உள்ளே தரையைத் தாழ்த்தி, தண்ணீர் கடைசி மூலைக்கு ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுக்க வேண்டும். ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்துச் செய்கிற, பொறுமையைச் சோதிக்கிற வேலை. அதனால்தான் வாசலை ஒட்டிய செங்கல் சுவரில், குருடனுக்கும் தெரிகிற அளவுக்குக் கரியால் எழுதினேன்: இங்கே கட்டை கிடையாது.

பிறகு இன்னொரு சைட்டில் கூரை கான்கிரீட் வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே மச்சான் ராஜ்யம்.

போய்ப் பார்த்தேன். வாசலில் கட்டை உட்கார்ந்திருந்தது. சும்மா இல்லை, மேலே பளபளவென்று கருங்கல் பதித்து, ஓரத்தையெல்லாம் மழமழவென்று தேய்த்து வைத்திருந்தான். நான் எழுதிய சுவர் பூச்சுக்குள்ளே போயிருந்தது. தலைக்குள் சுர்ரென்று ஏறியது.

எழுதியிருந்ததைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். படித்தானாம். கொத்தனாரும் கேட்டாராம்.

"மாமா அவசரத்துல மாத்தி எழுதியிருப்பாரு, கட்டை இல்லாம எங்கயாவது பாத்ரூம் உண்டா, நீங்க போடுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

என் தவறை அவன் திருத்தியிருக்கிறான். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. ஒரு போன் செய்து கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? நானும் நேரத்தை மிச்சம் பிடிக்கிறவன்தான். டைல்ஸ் ஒட்டுகிறவர் வருவதற்கு முன்பே டைல்ஸ் வந்து இறங்கியிருக்கும். பூச்சுக்கு முன்பே வயர் போகும் தடத்தை வெட்டியிருப்பேன். கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவதற்குப் பெயர் மிச்சம் இல்லை, திமிர். அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். சாப்பாட்டுத் தட்டு எப்படி விழுந்தாலும் விழட்டும்.

கட்டையை மட்டும் பெயர்த்துவிடலாமே என்றான். ஒரு வாளித் தண்ணீரை எடுத்து உள்ளே ஊற்றினேன். கட்டை இருக்கிற தைரியத்தில் வாட்டமே கொடுக்காமல் தட்டையாகத் தரை போட்டிருந்தார்கள். தண்ணீர் மூலைக்குப் போகாமல் சாவகாசமாக வாசலுக்கு வந்து கட்டையில் முட்டி நின்றது. தரை முழுவதையும் பெயர்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை வந்துரலாம்ல தம்பி? பெட்டியெல்லாம் கட்டி வச்சிட்டேன்."

குரலில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் கூப்பிடுகிறேன் ஐயா என்று உளறிவிட்டு வைத்தேன்.

மச்சான் அசரவில்லை. கட்டைக்கு முன்னால் பலகையைச் சரிவாகப் போட்டால் நாற்காலி ஜம்மென்று ஏறிவிடும், இதற்குப் போய் இடிப்பதா என்றான். கதவின் அகலத்தை அளந்து பார்ப்பதற்காக டிரைவர் தன் பழைய நாற்காலியைக் கொடுத்து வைத்திருந்தார். அது கூடத்தில் நின்றது. அதை இழுத்துவந்து அவன் முன்னால் நிறுத்தினேன்.

"உக்காரு. காலைத் தரையில வைக்கக் கூடாது. ஜம்முனு உள்ள போய்க் காட்டு."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். பலகையை அவனே போட்டுக்கொண்டான். சக்கரத்தைப் பிடித்து உந்தினான். பாதி ஏறி, பின்னால் வழுக்கி வந்தது. வேகமாக வந்து மோதினான். பலகை நகர்ந்து, முன்சக்கரம் கட்டைக்கு அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமுமாக மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சிரிப்பு போய் நெற்றி வியர்த்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்களேன்" என்றான்.

நான் அசையவில்லை. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போய்விட்டது. நாற்காலியை விட்டு இறங்கினான். அதைத் தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டு, உளியையும் சுத்தியலையும் தேடிக்கொண்டு போனான்.

என் கோபம் அதனால் ஒன்றும் தணிந்துவிடவில்லை. அதோடுதான் டிரைவருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை முடியாது ஐயா, தாமதமாகும் என்றேன். காரணத்தை எப்படிச் சொல்வது என்று நான் விழுங்கிக்கொண்டிருக்க, அவரே கேட்டார்.

"வாசல்ல கட்டை வச்சிட்டாங்களா?"

ஆமாம் என்றேன். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எங்க போனாலும் அதைத்தான் வைக்கிறாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இடித்துவிட்டுச் சரியாகக் கட்டித் தருகிறேன் ஐயா என்றேன். எத்தனை பேர் இதேபோல அவரிடம் சொல்லியிருப்பார்களோ. உள்ளே மச்சான் கருங்கல்லில் முதல் அடியை இறக்கினான். அடுத்து இன்னொன்று. கல் பிளந்தது.

"சத்தம் கேக்குது தம்பி" என்றார் டிரைவர். "போனை வைக்காதீங்க."