நாலாம் நம்பர் கை

அண்ணன் செத்த பிறகு வீட்டில் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். அம்மா அழுதாள். சித்தப்பா பைக்கை விற்க ஆள் பார்த்தார். குருவி மட்டும் சும்மா இருந்தாள். அதனால் அவளுக்குக் கல்நெஞ்சு என்று முடிவானது.

குருவி என்பது அண்ணன் வைத்த பெயர். கை அவ்வளவு சின்னது. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எக்ஸ்ட்ரா ஸ்மால் கையுறை வாங்குவதே அவள் ஒருத்திக்காகத்தான். அண்ணனுக்கோ முறம் மாதிரிக் கை. கட்டைவிரல் அடியில் ஸ்க்ரூ டிரைவர் குத்திய தழும்பு ஒன்று உண்டு. காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. பைக் மேல் பழி போடக்கூட வழியில்லை.

"பைக்கை நான் வச்சுக்கறேன்" என்றாள் குருவி.

"பிரேக் எட்டுமா உனக்கு?" என்றார் சித்தப்பா. "ஞாயித்துக்கிழமை என் கண்ணு முன்னாடி மேட்டுத் தெருவுல ஏறி இறங்கிக் காட்டு. ஓட்டிட்டா உன்னோடது. இல்லேன்னா வித்துடறேன். உங்கம்மாவும் எத்தனை நாளைக்குத்தான் அதையே தொடச்சுக்கிட்டு இருப்பாங்க?"

அம்மா விடிந்ததும் பைக்கைத் துடைப்பாள். டேங்க், சீட், கண்ணாடி எல்லாவற்றுக்கும் துணி. கைப்பிடிக்கு மட்டும் வெறுங்கை.

அண்ணன் வழக்கமாகப் போகும் மெக்கானிக், வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் குருவியின் விரலைப் பார்த்தார். "கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டே விரலை நீட்டு தங்கச்சி. நுனிக்கு அடுத்த ரேகை லீவர் மேல உக்காரணும். உனக்கு நகம்தான் உக்காருது. நகத்தால பிரேக் பிடிச்சா வண்டி நிக்காது, கூச்சப்படும்."

"குட்டை லீவர் போட்டுடலாமா அண்ணே?"

"குட்டைங்கறது நீளம். உனக்குக் குறைய வேண்டியது தூரம். ஜனங்க ரெண்டையும் குழப்பிக்கிட்டு, கலரைப் பாத்து வாங்கிட்டுப் போறாங்க. ஒண்ணு லீவர் கைகிட்ட வரணும், இல்ல கை லீவர்கிட்டப் போகணும். ரெண்டாவது என் கடையில செய்யறதில்ல."

வலது கைப் பிரேக் லீவரின் அடியில் நம்பர் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருந்தது. ஒன்று என்றால் லீவர் கைப்பிடிக்குக் கிட்டே, நாலு என்றால் தூரம். அண்ணனுடையது நாலு. மெக்கானிக் ஒன்றுக்குத் திருகினார். இடது கையில் பிடிக்கும் கிளட்ச் லீவருக்குச் சக்கரம் கிடையாது. அதனால் வயரைக் கொஞ்சம் தளர்த்தி, லீவர் நன்றாக உள்ளே வந்த பிறகு கிளட்ச் பிடிக்கும்படி வைத்தார். மணிக்கட்டு மடங்காமல் இருக்க இரண்டு லீவரையும் லேசாகக் கீழே சாய்த்தார். குருவி அமுக்கினாள். வண்டி, சொன்ன பேச்சைக் கேட்டு நின்றது.

மறுநாள் காலை சக்கரம் நாலில் இருந்தது.

"அம்மா, சக்கரத்தைத் திருகினியா?"

"எந்தச் சக்கரம்? ரெண்டும் தரையிலதான இருக்கு" என்றாள் அம்மா, கைப்பிடியைத் தடவிக்கொண்டே.

குருவி ஒன்றுக்குத் திருப்பினாள். மறுநாளும் நாலு. மெக்கானிக் ஒன்றுக்கு நேராகப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்தார். மறுநாள் புள்ளி மட்டும் ஒன்றில் இருந்தது. அன்றிரவு குருவி படிக்கட்டுக்குக் கீழே வண்டியை விட்டுக் கம்பிக்கதவைப் பூட்டி, சாவியைத் தன் வளையலில் கோத்துக்கொண்டாள். விடிந்ததும் அம்மா கதவுக்கு வெளியே துணியும் கையுமாக, மருத்துவமனை வாசலில் நிற்பவள் மாதிரி நின்றாள். பூட்டு அப்படியே இருந்தது. சக்கரம் நாலில் இருந்தது.

"உங்கண்ணன் உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான்" என்றார் மெக்கானிக். "சொன்னாக் கேக்கவே மாட்டான்."

வெள்ளிக்கிழமை, குருவி கேட்டபடி, அந்த லீவரையே கழற்றி, உள்வாங்கி வளைந்த வேறொன்றைப் பொருத்தினார். அதில் சக்கரமே இல்லை. "இதுல திருக ஒண்ணுமில்ல. இனி பேயே வந்தாலும் ஸ்பேனரோடதான் வரணும்."

சனிக்கிழமை காலை லீவர் இம்மிகூட நகரவில்லை. குருவிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பைக்கிலேயே வேலைக்குப் போய், இடது கையுறையைப் போட்டாள். வலது கையுறை கிழிந்தது. இன்னொன்று எடுத்தாள். அதுவும் கிழிந்தது. ஊசிக்குக் கையை நீட்டியிருந்த பெரியவர், "மெதுவாப் பிடிம்மா, கையா அது இரும்பா?" என்றார்.

குருவி குளியலறைக்குப் போய் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டவைத்துப் பார்த்தாள். இடது கையின் விரல்நுனி, வலது கையின் நடுமுட்டி வரைக்கும்தான் எட்டியது. வலது கட்டைவிரலின் அடியில் ஒரு தழும்பு. அவளை எந்த ஸ்க்ரூ டிரைவரும் குத்தியதில்லை.

சக்கரம் இருந்தவரை அண்ணன் சக்கரத்தைத் திருகினான். அதை இவள்தான் கழற்றச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் புது லீவர் ரொம்பக் கிட்டே வந்து, கைப்பிடியைச் சுற்றியிருந்த மற்ற விரல்களை நசுக்கியது. முழுசாக அமுக்க முடியவில்லை. ஒரு கைவண்டிக்காரர் அவள் குலத்தையே விசாரித்தார். நேராக மெக்கானிக்கிடம் போய், கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு, "பழைய லீவரையே மாட்டிடுங்க அண்ணே" என்றாள்.

"ஏன், இது எட்டலையா?"

அவள் கையை வெளியே எடுத்தாள். அந்தக் கையைப் பல வருஷம் பிடித்துக் குலுக்கியவர் அவர். பழைய லீவரை மாட்டி, கேட்காமலே நாலில் வைத்தார். பிறகு கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மேட்டுத் தெருவில் ஏறினாள், இறக்கத்தின் நடுவில் நிறுத்தினாள், மறுபடி கிளம்பினாள். சித்தப்பா, "அவன் பிடிக்கிற மாதிரியே பிடிக்கிறா" என்றார். "வண்டி இவளோடதுதான். இனிமே நான் பேசல."

அம்மா வந்து குருவியின் வலது கையை எடுத்தாள். ஒவ்வொரு விரலாக இழுத்துச் சொடக்கு எடுத்தாள். மகன் வேலை விட்டு வந்ததும் எடுத்துவிடுவது அப்படித்தான். தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்து, அங்கேயே வைத்திருந்தாள். அன்றைக்கு அம்மா இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். தேய்த்த புடவை கட்டினாள். சித்தப்பா சொன்ன மொக்கை ஜோக்குக்குச் சிரிக்கவும் சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை. குருவிக்கு அம்மா சிரித்ததில் சந்தோஷம்தான். ஆனால் கையைப் பிடித்ததிலிருந்து அம்மா அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதும், அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அந்தக் கிளட்ச் வயரை எதுக்கும்மா தளர்த்தி வச்சிருக்கே? முன்ன மாதிரியே இறுக்கிடச் சொல்லேன்."

"எனக்கு இதுதான் எட்டுது" என்றாள் குருவி.

"எட்டும்" என்றாள் அம்மா, பிடித்திருந்த வலது கையைத் தடவி, ரொம்பப் பிரியமாக. "இதுக்கு எட்டலையா?"

குருவி இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.