பற்ற மறுத்த ஹீற்றர்

ஹீற்றர் மூன்றாவது முறையாகவும் அணைந்தபோது ஆனந்தராசா அதைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தேவமலர் தன் புருஷன் வாயிலிருந்து அப்படியொரு வார்த்தையைக் கேட்டதில்லை. தூண்டிலை அறுத்துக்கொண்டு ஓடிய மீனைக்கூட அவர் மரியாதையாகத்தான் திட்டுவார்.

"திரும்பவும் நூந்துபோச்சு. இந்தச் சனியனுக்கு என்ன வேணுமாம்?"

தேவமலர் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன குளிர்காலம் நியூமோனியா வந்து, ஸ்டுட்கார்ட் ஆஸ்பத்திரியில் அவர் குழாய்களோடு கிடந்த நாட்களில் பிடித்த பழக்கம் அது. "இந்த நுரையீரல் இன்னொரு முறை தாங்காது, குளிர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டர் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் சொன்னார். காதில் வாங்கியது ஒருத்தி மட்டும்.

காதில் வாங்காதவர் இப்போது உறைந்த ஏரி ஒன்றின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

தெற்கு ஜெர்மனியில் அல்கொய் மலைப்பக்கத்துச் சின்ன ஏரி அது. பெயர் வேண்டாம்; பெயர் வெளியே போனால் ஊரே தூண்டிலோடு வந்துவிடும் என்று அங்குள்ள மீன்பிடிச் சங்கத்துக்காரர்களுக்குப் பயம். பனிக்கட்டி நன்றாகத் தடிக்கும் வருடங்களில் மட்டும் அவர்கள் ஒரு மரப்பெட்டியை ஏரிக்குள் இழுத்து வந்து நிறுத்துவார்கள். சறுக்குக் கட்டைகளின் மேல் நிற்கும் அந்தப் பெட்டிக்கு ஒரு கதவு, கைக்குட்டை அளவில் ஒரு ஜன்னல். உள்ளே இரண்டு பேர் உட்காரப் பலகை, தரையில் தூண்டில் இறக்க ஒரு துளை, மூலையில் புரொப்பேன் சிலிண்டரும் ஹீற்றரும். மாளிகை அவ்வளவுதான். சங்கத்து ஆட்கள் முறை வைத்து வருவார்கள். ஆனந்தராசாவின் முறை இந்தச் சனிக்கிழமை. இதைத் தவறவிட்டால் அடுத்த முறை வருவதற்குள் ஏரி உருகிவிடும்.

"செத்தாலும் போவன்" என்றார் அவர்.

"அப்ப நானும் வாறன்" என்றாள் அவள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் இப்படித்தான்.

காரிலேயே சண்டை தொடங்கிவிட்டது. மஃப்ளரைப் பற்றிய சண்டை. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, கையைச் சும்மா வைத்திருந்தால் அழுகை வருமென்று அவள் பின்னிய மண்ணிற மஃப்ளர் அது. கம்பளி தடிப்பு, கொஞ்சம் குத்தும். அவர் ஒருநாள்கூடக் கழுத்தில் போட்டதில்லை.

"சங்கத்து ஆக்கள் கண்டால் கிழவன் எண்டு நினைப்பாங்கள்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "ஒரு வருசமா என்னை மூடி மூடியே வைச்சிருக்கிறீர். ஜன்னலைத் திறக்க ஏலாது, பல்கனிக்குப் போக ஏலாது. நியூமோனியா விட்டாலும் நீர் என்னை விடமாட்டீர்."

அந்தச் சொல் தேவமலருக்குச் சுருக்கென்று தைத்தது. மஃப்ளரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

பெட்டிக்குள் வந்து உட்கார்ந்ததும் காலில் சில்லென்று காற்று அடித்தது. குனிந்து பார்த்தாள். பலகைக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், ஒரு கோப்பை அளவு ஓட்டை. அதற்கு மேலே ஜெர்மனில் எழுதி ஒட்டியிருந்தார்கள், இதை மூடக்கூடாது என்று. தேவமலர் வாசித்தாள், வாசித்து உதட்டைச் சுழித்தாள். ஸ்டுட்கார்ட்டில் வாடகை வீட்டுச் சொந்தக்காரனுக்கும் இதே நோய்தான். வெளியே பனி கொட்டும்போது கதவைத் தட்டி, ஜன்னலைத் திறந்து காற்று விடுங்கள் என்பான். இந்த நாட்டுக்காரருக்குக் காற்று என்றால் கோயில் பிரசாதம் மாதிரி. அவர் தூண்டிலில் குனிந்திருந்த நேரம் பார்த்து, அவள் மஃப்ளரைச் சுருட்டி ஓட்டைக்குள் இறுக்கித் திணித்தாள். கழுத்தில்தான் கட்டமாட்டார், காலிலாவது குளிர் அடிக்காமல் இருக்கட்டும். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள்; நல்ல குடியும் சில நேரம் கேட்பதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு பனிக்காற்று எழும்பியது. ஜன்னல் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையானது. கூரையில் இருந்த இன்னொரு காற்றுத் துவாரமும் ஈரப் பனியால் அடைபட்டது. அதை உள்ளே இருந்த இருவரும் காணவில்லை. சங்கத்துப் பொறுப்பாளர் ஹூபர் தொலைபேசியில் கத்தினார்: வெளியே இறங்க வேண்டாம், கரை தெரியாமல் ஓடை விழும் பக்கம் போய்விட்டால் அங்கே பனி மெல்லிசு, காற்று அடங்கியதும் கயிற்றோடு நானே வருகிறேன், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருங்கள்.

அந்த ஹீற்றர்தான் கொஞ்ச நேரத்தில் அணைந்தது.

முதல் தரம் அணைந்தபோது ஆனந்தராசா சந்தோஷப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிறவர். பழுது என்று ஒன்றைக் கண்டால் அவருக்குப் பசி பறந்துவிடும். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தார், பாரமாக இருந்தது. ரெகுலேட்டரில் பனி பிடித்திருக்குமோ என்று தேநீரில் நனைத்த துணியால் ஒற்றினார். பொத்தானைக் கீழே அமர்த்திப் பிடித்தபடி பொறிவிசையைத் தட்டினார். நீலப் பொறி பறந்தது. நெருப்பு எட்டிப் பார்த்தது, கையை எடுத்ததும் செத்தது. சின்னச் சுவாலைக்குப் பக்கத்தில் நிற்கும் உணர்கம்பியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார். மறுபடியும் அதே கதை.

இரண்டாம் முறை, கதவைத் திறந்து ஹீற்றரை வாசலில் வைத்துத் தட்டினார். பக்கென்று பற்றியது. நல்ல நீலச் சுவாலை! உள்ளே கொண்டுவந்தார், தேவமலர் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு சுவாலை இழுபட்டு, தத்தளித்து அணைந்தது.

"வீட்டில எலி, வெளியில புலி" என்றார் அவர். "என்னை மாதிரியே கிடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தலை இடித்தது. சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்தாள். தேநீர்ச் சட்டியின் கீழே அவள் ஏற்றி வைத்த குட்டி மெழுகுவிளக்கும் மங்கிக் கிடந்தது. கைகள் விறைத்தன. அவர் இருமினார், வறட்டு இருமல்தான். ஆனால் அந்தச் சத்தம் அவளை நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. மூன்றாம் முறையும் வாசலில் பற்றவைத்தார்கள், உள்ளே கொண்டுவந்து கதவைச் சாத்தினார்கள், அதுவும் அணைந்தது. அப்போதுதான் அந்தக் கெட்ட வார்த்தை.

"கம்பி பழுது" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சொல் கொஞ்சம் குழறியது. "இந்தக் கம்பி சூடாய் இருந்தால்தான் காஸ் வரும். கம்பிக்கு விசர் பிடிச்சிட்டுது. பொத்தானை அமத்தியே வைச்சிருந்தால் கம்பியிட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

தூண்டில் சாமான் பெட்டியிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்தார்.

"அப்பிடிச் செய்யலாமே?"

"செய்யப்படாதுதான். வேறை வழி சொல்லும்."

தேவமலர் அவருடைய உதட்டைப் பார்த்தாள். நீலம் பாரித்திருந்ததா, வெளிச்சம் அப்படியா? வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை. "செய்யுங்கோ" என்றாள். இதைப் பிறகு அவள் எத்தனையோ முறை நினைத்து நினைத்து நடுங்கினாள். அவள்தான் செய்யச் சொன்னாள்.

நாடாவைச் சுற்றிப் பொத்தானை அமர்த்திக் கட்டினார். இந்த முறை கதவைத் திறக்கவேயில்லை. பல தரம் தட்டிய பிறகு நெருப்பு பிடித்தது. அணையவில்லை! நீலமாக இல்லை, மஞ்சளாக இருந்தது. யாருக்கு வேண்டும் நிறம்? சூடு முகத்தில் பட்டதும் தேவமலர் "நல்லூர்க் கந்தா" என்று கும்பிட்டாள். அவர் பலகையில் சாய்ந்து, ஹீற்றருக்கு நேரே முகத்தை வைத்துக் கண்ணை மூடினார். இருமல் நின்றது. அவளுக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. குளிருக்குப் பிறகு வரும் நித்திரை எவ்வளவு சுகம்.

தேநீர் ஒரு வாய் குடிக்கலாம் என்று கையை நீட்டினாள். சட்டிக்குக் கீழே விளக்கு இல்லை. இருந்தது; சுடர்தான் இல்லை. மெழுகு பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. காற்றும் படவில்லை. தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினாள். குச்சி சீறியது, குறுகியது, அவள் விளக்கண்டை கொண்டுபோகுமுன் அணைந்தது. இன்னொரு குச்சி. அதுவும் அப்படியே.

தலைக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. அந்தப் பஞ்சுக்குள்ளிருந்து ஒரு நினைவு மெல்ல மேலே வந்தது. வடைச் சட்டியில் எண்ணெய் பற்றிக்கொண்ட நாள், எல்லோரும் அலறியபோது அவள்தான் மூடியைத் தூக்கிப் போட்டாள். மூடி போட்டால் நெருப்பு சாகும்.

இங்கே மூடி போட்டது யார்?

"இஞ்சேருங்கோ!" என்று அவரை உலுக்கினாள். தலை ஒரு பக்கம் தொங்கியது. "இஞ்சேருங்கோ, எழும்புங்கோ!"

அவர் எழும்பவில்லை. முகம் நன்றாகச் சிவந்து, சுகமாக உறங்குகிறவர்போல் கிடந்தார்.

நாடாவை நகத்தால் பிய்த்தாள். பொத்தான் துள்ளி மேலே வந்தது, நெருப்பு அந்தக் கணமே அணைந்தது. சிலிண்டரைத் திருகி மூடினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவில் தோளை மோதினாள். பனி அடைத்து இறுகியிருந்தது. மறுபடியும் மோதினாள். திறந்துகொண்டது. பனிக்காற்று உள்ளே பாய்ந்து தேநீர்ச் சட்டியைத் தட்டிவிட்டது. ஒரு வருடமாக அவள் பயந்து பயந்து பூட்டி வைத்த அதே காற்று. தேவமலர் அதை வாய் நிறைய விழுங்கினாள். பிறகு அவருடைய அக்குளில் கையைக் கொடுத்து வாசல்வரை இழுத்தாள். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, அவளுக்கே தெரியாது. தலையை வெளியே பனியில் வைத்தாள். தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினாள்.

அவசர இலக்கத்துக்கு எடுத்தாள். காஸ் ஹீற்றர், ஏரி நடுவில் மூடிய பெட்டி, புருஷன் மயக்கம், இடம் சங்கத்து ஹூபருக்குத் தெரியும் என்றாள். மறுமுனையில் பேசிய பெண், அது நச்சுவாயு, கதவைத் திறந்தே வைத்திருங்கள், மூச்சைக் கவனியுங்கள், எழும்பினால் உறங்க விடாதீர்கள், ஹூபரோடு மீட்புக்காரர் கயிறு பிடித்து வருகிறார்கள் என்றாள். மூச்சைக் கவனிப்பது எப்படி என்று தேவமலருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. குனிந்து காதை வைத்தாள். ஒரு மூச்சு. இடைவெளி. இன்னொரு மூச்சு. அந்த இடைவெளிகளில் அவளுக்கு உயிர் போய் வந்தது.

கடைசியில் அவர் ஓங்காளித்து, பனியில் சத்தி எடுத்தார். கண்ணைத் திறந்தார்.

"கதவைச் சாத்தும்" என்று முனகினார். "குளிருது."

"ஏலாது."

"நுரையீரல்..."

"ஏலாது எண்டால் ஏலாது!" என்று கத்தினாள். கத்தி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு மீன் வாளியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பலகைக்குப் பின்னால் கையை விட்டு மஃப்ளரைப் பிடித்து இழுத்தாள். வெளிப்பக்கம் பனி பிடித்துக் கட்டையாக இருந்தது. இரண்டு கையாலும் இழுக்க வந்தது. ஓட்டை வழியே காற்று ஊதியது. ஹீற்றரை வாசலோரம் கொண்டுவந்து, சிலிண்டரைத் திறந்து, பொத்தானை அமர்த்தித் தட்டினாள். பற்றியது. கையை எடுத்தாள். அணையவில்லை.

ஆனந்தராசா கதவு நிலையில் சாய்ந்து அதையே பார்த்தார். தலை கிறுகிறுத்தாலும் மெஷின்காரனின் மூளை மெஷின்காரனின் மூளைதான். நீலச் சுவாலை, நாடா இல்லாத பொத்தான், திறந்த கதவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் அவள் கையில் இருந்த மஃப்ளருக்கு வந்தார்.

"காத்துக் குறைஞ்சதாலதான் நூந்தது. கம்பி பழுதில்லை" என்றார்.

"இல்லை. நான்தான் ஓட்டையை அடைச்சனான். உங்களுக்குக் குளிரும் எண்டு... மூடக்கூடாதெண்டு எழுதியிருந்ததையும் வாசிச்சனான்." அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "நீங்கள் காரில சொன்னது சரி. மூடி மூடியே உங்களைக் கொல்லப் பாத்தன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் நினைத்தாள். தூரத்தில், பனிக்குள், ஒரு டார்ச் வெளிச்சம் அசைந்தது. யாரோ கூப்பிட்டார்கள். அவள் குரல் கொடுத்தாள்.

"அதைக் கொண்டாரும்" என்றார் ஆனந்தராசா.

"ஐஸ் பிடிச்சுக் கிடக்கு."

"பரவாயில்லை. சுத்திவிடும்."

அவர் கழுத்தை நீட்டினார். தேவமலர் மஃப்ளரைத் தொடையில் அடித்து, பனியை உதிர்த்து, அவர் கழுத்தில் சுற்றி முடிச்சிட்டாள். பழக்கத்தில் அவள் கை முடிச்சை மேலே தள்ளியது. அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"இறுக்காதையும்" என்றார்.

அவள் முடிச்சைத் தளர்த்திவிட்டாள்.