ராவ்ஷ் பவுண்டு

பழைய துப்பாக்கிக்கு விலை பேச வருகிறவர்கள் சர்ச்சுக்குப் போடும் கோட்டோடு வருவதில்லை. எம்மெட் ராவ்ஷ் அந்தக் கோட்டோடுதான் வந்திருந்தார். எண்பது வயதிலும் நாற்காலியின் முதுகில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பெர்னிஸ் லீட்டி சமையலறை மேசையில் ஒரு துண்டை விரித்து, பிஸ்டலை அதன் மேல் வைத்திருந்தார். நீண்ட குழல், வால்நட் மரக் கைப்பிடி. இருபத்திரண்டு ரகச் சிறு தோட்டா போடுவது. காகிதக் குறியைச் சுடுவதற்கென்றே செய்தது. பெர்னிஸின் கணவர் வெர்னன் போன குளிர்காலத்தில் இறக்கும்வரை கிளப் போட்டிகளில் இதைத்தான் சுட்டார். அதற்கு முன்னால் இது எம்மெட்டின் அப்பா ஆட்டோ ராவ்ஷின் கையில் இருந்தது.

அந்தக் கதை ஒஹாயோவின் அந்த மூலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுடுவதற்கு முன் விசையை எடை பார்ப்பது போட்டி வழக்கம். குழல் வானத்தைப் பார்க்கப் பிடித்து, விசையில் இரண்டு பவுண்டு எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விசை தாங்க வேண்டும். தாங்காமல் விழுந்தால், சுலபமாகச் சுடுவதற்காக விசையை இளக்கியிருக்கிறான் என்று பொருள். ஒரு மாவட்டப் போட்டியில் ஆட்டோவின் விசை விழுந்தது. மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் விழுந்தது. மாவட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. "நான் அதைத் தொடவே இல்லை" என்று ஒரே ஒரு தடவை சொன்னார் ஆட்டோ. வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்து போய், எதிரே வந்த வெர்னன் லீட்டியிடம் அறுபது டாலருக்குப் பிஸ்டலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அதன் பிறகு சாகும்வரை துப்பாக்கியைத் தொடவில்லை.

மீதியை ஊர் பார்த்துக்கொண்டது. ஆணியோ சர்க்கரையோ எடை குறைந்தால் "ராவ்ஷ் பவுண்டு" என்றார்கள். எம்மெட் தீவனக் கடை நடத்திய காலமெல்லாம் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு கை கூடுதலாகப் போட்டார். பேச்சு நிற்கவில்லை. போன வாரம் உணவகத்தில் ஒரு சின்னப் பெண் அவருக்கே அரைக் கோப்பை காப்பியை ஊற்றிவிட்டு, "ஐயோ, ராவ்ஷ் பவுண்டு ஊத்திட்டேனே!" என்று சிரித்தாள். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதே அவளுக்குத் தெரியாது.

அடுத்த நாளே எம்மெட் பெர்னிஸுக்குத் தொலைபேசி செய்தார்.

"கொலம்பஸ்ல இருக்கற கடைக்காரன் ஐநூறு தரேன்னான்," என்றார் பெர்னிஸ், துண்டின் மேலிருந்த பிஸ்டலைக் காட்டி.

"அவன் திருடன், மிஸஸ் லீட்டி."

"பெர்னிஸ்னு கூப்பிட்டா நாக்கு வெந்துடுமா? நாப்பது வருஷமா ஒரே சர்ச்சுல முன்னாடி பின்னாடி உக்காந்திருக்கோம்."

எம்மெட் சின்ன டார்ச்சை எடுத்துக் குழலின் பின்புற வாயைப் பார்த்தார். இந்த ரகத்தில் தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி அதன் விளிம்பில் அடிக்கும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துக்கொண்டே இருந்தால் அது எஃகிலேயே இடித்து இடித்துப் பள்ளம் விழுந்துவிடும். பள்ளம் இல்லை. குழலின் உள்வரிகள் கூர்மையாக இருந்தன. கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிகள் இரண்டும் பிஸ்டலோடு பிறந்தவை.

"ஆயிரத்து நூறு," என்றார்.

பெர்னிஸ் காப்பியைக் கீழே வைத்தார். "விக்கிறவ நான் ஐநூறுங்கறேன், வாங்குறவர் நீங்க ஏத்துறீங்க. உடம்பு சரியாத்தான இருக்கு?"

"நியாய விலை அதுதான்."

"வெர்னன் வாங்கினது அறுபதுக்கு."

"அது விலை இல்ல. கோபம்."

பெர்னிஸ் அவர் முகத்தையே பார்த்தார். "குறைச்சு வாங்கினா விசை கோளாறுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அதானே விஷயம்?"

எம்மெட் தலையசைத்தார். பொய் சொல்லும் வழக்கம் ராவ்ஷ் வீட்டில் கிடையாது. "விசை சரியா இருந்தா ஆயிரத்து நூறு. சரியில்லன்னா, பழுது பாக்க முந்நூறு ஆகும். எண்ணூறு."

"அப்ப கழட்டிப் பாத்துட்டுக் குடுங்க."

"அடுத்தவங்க துப்பாக்கியில நான் திருகாணி தொடமாட்டேன்."

பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். முழு ஆயிரத்து நூறு. அதன் பிறகுதான் கோட்டுப் பையிலிருந்து திருப்புளி வெளியே வந்தது.

அவர் தேடியது ஒரு சிவப்புப் புள்ளி. ஆட்டோ விசையின் திருகாணியைச் சரிசெய்ததும், அது அசையாமலிருக்க மனைவியின் நகச்சாயத்தை ஒரு சொட்டு அதன் தலையில் வைப்பார். வெர்னன் இதே பிஸ்டலோடு வருஷா வருஷம் எடையில் தேறியிருக்கிறார். வெர்னன் திருகாணியைத் திருப்பித்தான் தேறினார் என்றால் சாயம் உடைந்திருக்கும். அப்பா இளக்கித்தான் வைத்திருந்தார் என்று ஆகிவிடும். உடையாமலிருந்தால்?

கைப்பிடி மரம் கழன்று வந்தது. அழுக்குக்கு அடியில் சிவப்பு தெரிந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"எடை இருக்கா?" என்று கேட்டார் எம்மெட்.

வெர்னனின் எடைக்கல், கொக்கியோடு, இழுப்பறையில்தான் கிடந்தது. எம்மெட் ஊசிக்கு மெத்தையாகச் சுட்ட காலித் தோட்டா ஒன்றைக் குழலில் போட்டார். குழலுக்கு மேல் நகரும் இரும்பு உறையான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கட்டைவிரலால் தாங்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல முன்னுக்கு விட்டார். கொக்கியை மாட்டித் தூக்கினார்.

க்ளிக்.

எடை மேசையை விட்டுக் கிளம்பவே இல்லை. மறுபடி செய்தார். க்ளிக். கோட்டுக் காலருக்கு மேலே அவர் கழுத்து சிவந்தது.

"இது என்ன கூத்து?" பெர்னிஸ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். "வெர்னன்கிட்ட ஒரு தடவகூட விழுந்ததில்ல. குடுங்க இங்க." வாங்கி, ஸ்லைடை இழுத்து அப்படியே விட்டார். டமார் என்று மூடிக்கொண்டது.

"அப்படி அறையாதீங்கம்மா! காலித் துப்பாக்கிய அறைஞ்சா உள்ள இருக்கறது என்னத்துக்கு ஆகும்?"

"வெர்னன் அப்படித்தான் விடுவார். கதவையும் அப்படித்தான் சாத்துவார்." கொக்கியை மாட்டித் தூக்கினார். எடை மேலே வந்தது. சமையலறை விளக்குக்குக் கீழே சாவகாசமாக ஆடியது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

எம்மெட் வாங்கிப் பார்த்தார், விழுந்தது. பெர்னிஸ் வாங்கிப் பார்த்தார், நின்றது. "பொம்பளை கைன்னா மரியாதையா இருக்கு," என்றார் பெர்னிஸ். எம்மெட் சிரிக்கவில்லை. அவருக்கு இப்போது மானம்கூட மறந்துவிட்டது. சுவருக்குள் எலி ஓடுவதைக் கேட்ட பூனைபோல அந்த இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விட்ட மாதிரி மெதுவா விடுங்க," என்றார்.

பெர்னிஸ் மெதுவாக விட்டார். க்ளிக்.

எம்மெட் பிஸ்டலை வாங்கிக்கொண்டார். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்தார். விரல் விட மறுத்தது. இயந்திரத்தை அறையாதே என்பது ஆட்டோ வீட்டில் சாப்பாட்டு ஜெபத்துக்கு அடுத்த வேதம். கண்ணை மூடிக்கொண்டு விட்டார். டமார். தூக்கினார். எடை நின்றது.

"உள்ளே விசையைப் பிடிக்கிற பல்லு தேஞ்சிருக்கு," என்றார் மெல்ல. "வேகமா மூடினா ஆழமா மாட்டிக்குது. மெதுவா மூடினா நுனியில உக்காந்துக்குது. சுடும்போது ஸ்லைடு தானா அறைஞ்சு மூடும். அதனால சுடறவனுக்குத் தெரியவே தெரியாது."

"எடை பாக்கறப்ப?"

"எடை பாக்கறப்ப துப்பாக்கி காலி. எங்கப்பா காலித் துப்பாக்கிய அறையமாட்டார்."

பெர்னிஸ் உட்கார்ந்தார். "அப்ப அவர் ஏமாத்தல."

"ஏமாத்தல. ஆனா விசை விழுந்தது நிஜம். எடை பாத்தவங்களும் பொய் சொல்லல."

அந்தக் கடைசி வார்த்தைகளைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது. மேசை மேல் ஆயிரத்து நூறு டாலர் இன்னும் கிடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டால் விசை சரியாக இருந்தது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். பெர்னிஸும் மறுக்கமாட்டார். எம்மெட் கையை நீட்டி, முந்நூறைப் பிரித்தெடுத்து, மடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். அவர் வாழ்க்கையில் வாங்கிய தள்ளுபடிகளில் கனமானது அதுதான்.

"எண்ணூறு. இதுதான் நியாயம்."

"கழட்டிப் பாத்துட்டுக் குடுங்கன்னு நான் மொதல்லயே சொன்னேன்ல."

"சனிக்கிழமை கிளப்புக்குப் போறேன். எல்லார் முன்னாடியும் மெதுவா விட்டு ஒரு தடவ, அறைஞ்சு ஒரு தடவ எடை போட்டுக் காட்டப் போறேன். ரெண்டையும் பாக்கட்டும். சிவப்பையும் பாக்கட்டும்."

"உங்களுக்கு அறைய வராது. நான் வந்து அறையறேன்," என்றபடி பெர்னிஸ் அடுப்பு மேடையிலிருந்து ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டத்தை எடுத்து வந்தார். கத்தியை வைத்து ஒரு துண்டு வெட்டித் தட்டில் போட்டு நீட்டினார். காகிதம்போல மெல்லிசான துண்டு.

எம்மெட் தட்டைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"என்ன பெர்னிஸ்," என்றார், "ராவ்ஷ் பவுண்டா?"

பெர்னிஸின் கை கத்தியோடு அப்படியே நின்றது. அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. அவர் தட்டைத் திரும்ப வாங்கி, அதன் மேலேயே இன்னொரு பெரிய துண்டை வைத்துக் கொடுத்தார்.