வெள்ளிக்கிழமை மைதானம்

அந்த விதியைப் போட்டபோது அதில் ஓட்டை இருக்கும் என்று விஜயராணிக்குத் தோன்றவேயில்லை. எட்டாம் வகுப்பு ஏ பிரிவில், பேசிக்கொண்டிருக்கும்போதே கை நீட்டிவிடும் பெண்கள் ஏழு பேரை ஒரு குழுவாக்கி, வெள்ளிதோறும் மதியம் அவர்களோடு உட்கார்ந்து பேசுவது அவள் வேலை. ஒரு தொண்டு அமைப்பு அவளை அந்த ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கு அனுப்பியிருந்தது. மாலையில் திருச்சியில் மனநல ஆலோசனை டிப்ளமா வகுப்பு. நேற்று அங்கே கேட்டதை இன்று இங்கே செய்துபார்ப்பாள்.

விதி எளிது. அந்த வாரம் ஏழு பேரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை என்றால், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மைதானமும் த்ரோபால் பந்தும் அவர்களுக்கு. ஒருத்தி கை ஓங்கினாலும் மைதானம் பி பிரிவுக்குப் போய்விடும்.

முதல் மாதம் அமைதியாகப் போனது. தலைமையாசிரியை சித்ராதேவியே வராந்தாவில் நிறுத்தி, “என்னம்மா மந்திரம் போட்ட? சத்தத்தையே காணோம்!” என்றார். அதற்கப்புறம்தான் ஏழு பேரில் ஒருத்தியான அனுசுயா அடிக்கத் தொடங்கினாள். எல்லாமே வியாழக்கிழமைகளில். “இன்னொரு தடவை நடந்தா அப்பாவைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில கொடுத்துடுவேன்” என்று சித்ராதேவி எச்சரித்திருந்தார்.

நேற்றும் வியாழன். அதே குழுவில் இருக்கும் ரஞ்சனியின் மூக்கு உடைந்தது. அனுசுயாவின் அப்பா வீரமலைக்குப் போன் போய்விட்டது. துவாக்குடியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், இன்று பள்ளி விடுவதற்குள் வந்து டி.சி. வாங்கிக்கொள்ள வேண்டும்.

விஜயராணி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். எங்கே பிசகியது? பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பெண்களை வட்டமாக உட்காரவைத்தது சரி, பேசவைத்தது சரி. அனுசுயாதான் திருந்தாதவளா? அல்லது தனக்குத்தான் இந்த வேலை வரவில்லையா?

சயின்ஸ் லேபில் ஏழு பேரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சனியின் மூக்கில் பஞ்சு. அனுசுயா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க” என்றாள் விஜயராணி. “யாரு தப்புன்னு எனக்கு வேணாம்.”

ரஞ்சனி மூக்கடைத்த குரலில் ஆரம்பித்தாள். “நாங்கதான் அவளை ஸ்போர்ட்ஸ் ரூம்ல போட்டுப் பூட்டினோம்க்கா.”

“எதுக்கு?”

“எதுக்கா! நேத்து வியாழக்கிழமைல்ல? வியாழக்கிழமையானா பி செக்‌ஷன்காரிங்க நம்ம கிளாஸ் வாசல்ல வந்து நிப்பாளுங்க. அந்தப் பவதாரணி, ‘லேத்து, லேத்து, கரகரன்னு ஒரு பாட்டுப் பாடு’ம்பா. இவ எந்திரிச்சு ஒண்ணு விட்டா மைதானம் அவளுங்களுக்கு. தெரிஞ்சேதான் வர்றாளுங்க.”

“அதனால லஞ்ச்சுக்கு நாலு பேர் என் மேலேயே உட்காந்துக்கிட்டாளுங்க” என்றாள் அனுசுயா, ஜன்னலைவிட்டுத் திரும்பாமல். “பாத்ரூமுக்குக்கூட விடல. ‘உன்னாலதான்டி பந்து போச்சு, சனியனே’ன்னு தினமும் திட்டு. நேத்து பூட்டே போட்டுட்டாளுங்க. உள்ள ஒரே இருட்டு. கதவைத் தொறந்ததும் யாருன்னு பாக்காம இடிச்சுட்டேன்.”

“நீங்க சொன்னதுதானேக்கா” என்றாள் ரஞ்சனி. “எல்லாருமா சேர்ந்து பொறுப்பா இருக்கணும்னு. அதான் பொறுப்பா பூட்டினோம்.”

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். விஜயராணிக்குச் சிரிப்பு வரவில்லை. பி பிரிவுக்குச் சீண்டக் கற்றுக்கொடுத்தது அவள் விதி. ஆறு பேரைக் காவல்காரிகளாக்கியதும் அதே விதிதான். தண்டனை மட்டும் ஒருத்திக்கு.

அவள் எழுந்தாள். டிப்ளமாகூட முடிக்காதவள் தலைமையாசிரியை முன் நின்று என்ன பேசப்போகிறாள் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. கேட்டுக்கொண்டே படியிறங்கினாள். கால் நிற்கவில்லை.

சித்ராதேவி முழுவதையும் கேட்டார். “அப்போ அடிச்சவளுக்கும் பந்து கொடுக்கணும்ங்கிற?”

“ஆமா மேடம். இனி மைதானம் பரிசு இல்லை. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் உண்டு. ரெண்டு செக்‌ஷனையும் கலந்து டீம் போடுறேன். இன்னிக்கே.”

“மூக்கு உடைஞ்ச மறுநாளா? அந்தப் பவதாரணியும் இருப்பா.”

“அவ இருக்கணும் மேடம். கோபம் வந்தா அனுசுயா யாரையும் கேக்காம குழாயடிக்குப் போயிட்டு வரலாம். யாரும் அவளைப் பிடிக்கக் கூடாது. ஆட்டம் காத்திருக்கும். இதுதான் புது விதி.”

“அடிச்சுட்டான்னா?”

“டி.சி. வாங்கிக்கங்கன்னு அவங்க அப்பாகிட்ட நானே சொல்றேன்.”

சித்ராதேவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அவர் வர்ற வரைக்கும்தான். நானும் வந்து நிப்பேன்.”

புது விதியை மைதானத்தில் இரண்டு பிரிவுக்கும் சொன்னாள். “இதென்னக்கா, ஆட்டத்துக்கு நடுவுல தண்ணி குடிக்கப் போறதா?” என்று ஒரு குரல் கேலி செய்தது. ரஞ்சனியும் பவதாரணியும் ஒரு பக்கம், அனுசுயா எதிர்ப்பக்கம். பந்து வலைக்கு மேலே போய்வந்தது. அனுசுயா போட்ட பந்தை இரண்டு தடவை கோட்டைவிட்ட பவதாரணி மூன்றாவது தடவை வலையருகே வந்தாள்.

“மெதுவாப் போடுடி லேத்து! கிரீஸ் கையோட வந்துட்டா.”

அனுசுயாவின் விரல்கள் பந்தை நசுக்கின. பழக்கதோஷத்தில் ரஞ்சனி வலைக்கு அடியில் குனிந்து அவளைப் பிடிக்கப் பாய்ந்தாள். பாதியில் நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் வீரமலை வந்து நின்றதை விஜயராணி பார்த்தாள். நீல யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். ஓடிப்போய் அனுசுயாவின் தோளைத் தொடவேண்டும்போல் இருந்தது. தொடவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

அனுசுயா பந்தைத் தரையில் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனாள். முகத்தில் தண்ணீரை அடித்தாள், மறுபடியும் அடித்தாள். “பயந்துட்டாடி!” என்று யாரோ கத்தினார்கள். “வாயை மூடு, ஆட்டம் காத்திருக்கும்” என்றாள் ரஞ்சனி, பஞ்சு மூக்கோடு. பவதாரணி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

அனுசுயா முகம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள்.

“எங்கப்பா லேத்துதான் ஓட்டுறாரு” என்றாள், வாசலைப் பார்க்காமலே. “அதோ நிக்கிறாரு. போய்ப் பாரு. இப்ப பந்தைப் பிடி.”

பந்து பறந்தது. பவதாரணி பிடித்தாள். பிடித்த வேகத்தில் இரண்டடி பின்னால் போனாள்.

வீரமலை செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத் தலைமையாசிரியையிடம் வந்தார். “டி.சி. வாங்க வரச் சொன்னீங்க மேடம்.”

சித்ராதேவி கோர்ட்டைவிட்டுக் கண் எடுக்கவில்லை. “முதல்ல செருப்பைப் போடுங்க சார், தரை கொதிக்குது. ஆட்டம் முடியட்டும். பொண்ணைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போங்க. திங்கக்கிழமை அனுப்பிவைங்க.”

பிறகு விஜயராணி பக்கம் திரும்பினார். “பி செக்‌ஷன் பிள்ளைங்களையும் வட்டத்துல உட்காரவைக்கணும். முடியுமா?”

முடியுமா என்று விஜயராணிக்குத் தெரியவில்லை.

“உட்காரவைக்கிறேன் மேடம்” என்றாள். மாலை வகுப்புக்குப் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ் அதற்குள் போயிருக்கும். அடுத்த பஸ் வரும்வரை நின்று ஆட்டத்தைப் பார்த்தாள்.