பதில் சலாம்

1936, நவம்பர் பதினொன்று. உலகப் போர் நின்ற நாளென்று கோயமுத்தூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழைய சிப்பாய் யாகூப்புக்கு மாலை போட்டார்கள்.

பீரங்கிச் சத்தத்தில் காது போனவர் என்பதால் வாத்தியார் தம்பிதுரை உரக்கக் கேட்டார்: "நேச நாட்டுப் படை எப்படிங்க ஜெயிச்சுது?"

"மெசபடோமியாவுல துருக்கிக்காரங்களை வளைச்சுப்போட்டோமுங்க. கையைத் தூக்கிட்டாங்க. சண்டை முடிஞ்சுதுங்க."

கை தூக்கியவர்களில் ஒருவன் தன்னைப் பார்த்து சலாம் சொன்னதையும், பதற்றத்தில் அவனைச் சுட்டுவிட்டதையும் யாகூப் சொல்லவில்லை.

வாசலில் ஜவுளிக்கடை பீர் முகம்மது எதிர்ப்பட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். யாகூப் குனிந்து மாலையைக் கழற்றினார்.

"அட, உங்களுக்குத்தான் காது கேக்காதுங்களே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார் பீர் முகம்மது.

காதுக்கு ஒரு கேடும் இல்லை. சலாமுக்குப் பதில் சொல்ல வாய் கூசித்தான் பதினெட்டு வருஷமாக யாகூப் செவிடராக இருக்கிறார்.